மூலை நடவு

சீனியம்மாளுக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே? இருபது பெண்களை வரிசையாக இறக்கி ஒத்தக்கடை வட்டாரத்தையே நட்டுத் தீர்த்த கொத்துக்காரி அவள். இன்றைக்கு ராமதாஸ் முதலாளி அவளைத் தனியாளாகக் கூப்பிட்டிருந்தார். எதற்கு? நடவு மெஷின் திரும்ப முடியாத மூலைகளில் கையால் நட்டுக் கொடுக்க!

மெஷின்மேல் உட்கார்ந்திருந்தவள் யார் என்கிறீர்கள்? தாமரைச்செல்வி. நாற்றுமுடியைப் பிரிக்கத் தெரியாமல் வந்து சீனியம்மாளிடம் நடவு பழகியவள். இப்போது பேன்ட் என்ன, தொப்பி என்ன, கறுப்புக் கண்ணாடி என்ன!

"யக்கா, அந்த மூலைய விட்றாதீங்க!" என்று மேலேயிருந்து குரல் வேறு.

"எனக்கே மூல காட்டுறா பாரு, சிறுக்கி" என்று சீனியம்மாள் பல்லைக் கடித்தாள்.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். மெஷினில் நடுகிற நாற்று விரல் நீளம்தான். வயலில் தண்ணீர் ஏறினால் பிடுங்கிக்கொண்டு மிதந்துவிடும். அது தெரிந்தேதான் சீனியம்மாள் மடையை அடைத்திருந்த மண்ணைக் காலால் தள்ளிவிட்டாள்.

திரும்பி வந்து பார்த்தால் பாதி வயல் மிதக்கிறது. ராமதாஸ் தாமரைச்செல்வியைப் பிடிபிடியென்று பிடித்தார். "மட ஒடஞ்சது தெரியாம அப்படி என்னம்மா சோறு? இனிமே ஒன் மெஷினே வேணாம்!" அவள் தலைகுனிந்து நின்றாள். சீனியம்மாளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

"சீனியம்மா, ஒன் ஆளுகள வரச் சொல்லு" என்றார்.

இதற்குத்தானே காத்திருந்தாள்! முதல் போன் முத்துமீனாவுக்கு. அவள் காலேஜ் கேன்டீனில் இருந்தாள். "நடவுக்கா? இடுப்பு ஒடிய இனி எவ வருவா? இங்க ஃபேனுக்கடியில நிக்கேன்க்கா." அடுத்தவள் கே.கே. நகரில் வீட்டு வேலையில் இருந்தாள். பதினாலு பேருக்குப் போட்டாள். ஒருத்தி வரவில்லை.

"ஆளு கெடைக்காமத்தான மெஷினக் கூப்புட்டேன்" என்று முதலாளி வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

தண்ணீரை வடியவிட்டு, மிதந்த நாற்றை அள்ளிக்கொண்டு சீனியம்மாள் தனியாகவே இறங்கிக் குனிந்தாள். பக்கத்தில் சேறு சளக்கென்றது. பேன்ட்டைச் சுருட்டிவிட்டுத் தாமரைச்செல்வியும் இறங்கியிருந்தாள். இரண்டு பேரும் நட்டார்கள்.

கொஞ்ச நேரம் கழித்துத் தாமரைச்செல்வி மூச்சு வாங்கினாள். "அதுக்குள்ள நாலு மொழம் முந்திட்டீங்க. ஒங்க கைக்கு ஈடு குடுக்க முடியலையேங்குற பொறாமையிலதான் யக்கா நான் மெஷினுக்கே போனேன். எம்புட்டு நாள் அழுதிருக்கேன் தெரியுமா?"

சீனியம்மாளின் கை நின்றது. அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

"மடையத் தள்ளிவிட்டது நான்தாண்டி" என்றாள் மெதுவாக.

தாமரைச்செல்வி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். பிறகு வரப்பிலிருந்த முதலாளியைப் பார்த்தாள்.

"கத்திச் சொல்லுங்க யக்கா," என்றாள். "அவருக்கும் கேக்கட்டும்."