ஞாயிற்றுக்கிழமை கார்புரேட்டர்

கார்புரேட்டரைக் கழற்றி மாட்ட எனக்குத் தெரியாது. ஆனால் கழற்றுகிறவர் பக்கத்தில் குத்த வைத்து உட்கார்ந்து, உள்ளங்கையில் ஸ்குரு வாங்கி வைத்துக்கொள்வதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. முதலில் ஸ்குருக்கள், அப்புறம் மிதவை, அதன் ஊசி, கடைசியாக நடுவில் பொடி ஓட்டை உள்ள பித்தளை ஜெட். இந்த வரிசை மாறாது. இடமும் மாறாது. கடைவீதி தாண்டி தண்ணீர்த் தொட்டி வளைவுக்கு வந்ததும் வண்டி ரெண்டு தடவை இருமும், நின்றுவிடும். கிழமையும் மாறாது.

ஞாயிற்றுக்கிழமைதான் நான் அம்மாவைப் பார்க்கப் போகிற நாள். மற்ற நாளெல்லாம் எனக்குத் தையல் கம்பெனியில் காஜா மெஷின், சட்டைக்குப் பட்டன் ஓட்டை போடுகிற வேலை. அம்மா ஊரின் அந்தக் கோடியில், தம்பி வீட்டில் படுக்கையில் கிடந்தாள். ரெண்டு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கும். "போன்ல முடியலடி, நேர்ல வா, உன்கிட்ட கொஞ்சம் பேசணும்" என்பாள். "இந்த ஞாயிறு கண்டிப்பா வரோம்மா" என்பேன். வண்டி மனசு வைக்க வேண்டுமே.

வண்டி கல்யாணத்துக்கு முன்பே ரெண்டு மூன்று கை மாறி என் வீட்டுக்காரரிடம் வந்தது. கல்யாணம் முடிந்து நாங்கள் புறப்பட்டபோது, நின்றவர்கள் எல்லாரும் கேட்க, "இந்த ஓட்டை வண்டியிலயா என் பொண்ண ஏத்திட்டுப் போறீங்க?" என்று அம்மா கேட்டுவிட்டாள். அம்மாவுக்கு மனசில் ஒன்றும் கிடையாது, வாய்தான். சொன்ன கையோடு மறந்தும் போனாள். அவர் அன்றைக்குச் சிரித்துக்கொண்டே வண்டியை உதைத்தார். எவ்வளவு பெருந்தன்மை என்று நான் பூரித்துப் போனேன். என் புத்தியை என்ன சொல்ல.

வளைவில் வண்டி நின்றால் அவர் முகத்தில் கோபமே வராது. நிதானமாகச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்காருவார். பிளக்கைக் கழற்றித் துடைப்பார். "பிளக் நல்லாத்தான் இருக்கு, கார்புரேட்டர்லதான் கோளாறு" என்பார். போகிற வருகிறவர்கள் நின்று யோசனை சொல்வார்கள். சோக்கைப் போடுங்க என்பார் ஒருவர், ஏர் ஸ்குருவை அரைச் சுற்று விடுங்க என்பார் இன்னொருவர். சும்மா சொல்கிற யோசனைக்கு எந்த ஊரிலும் பஞ்சம் இல்லை. அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார். கடைசியில் ஜெட்டைக் கழற்றி, வாயில் வைத்து ஊதி, என்னிடம் தருவார். நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். ஓட்டை பளிச்சென்று இருக்கும். பகல் முழுக்க ஓட்டையையே பார்த்துப் பிழைக்கிறவள் நான், அடைப்பு எது, அடைப்பில்லாதது எது என்று தெரியாதா? அவர் ஊதியதில் அடைப்புப் போய்விட்டது என்று நினைத்துக்கொள்வேன்.

திரும்ப மாட்டி முடிக்கும்போது பொழுது சாய்ந்திருக்கும், கை முழுக்க கிரீஸ் இருக்கும். "இந்தக் கோலத்துல போயி உங்க அம்மா முன்னாடி நிக்கவா? அடுத்த வாரம் பார்த்துக்கலாம்." வண்டி வீட்டுப் பக்கம் திரும்பியதும் சொன்ன பேச்சைக் கேட்டு ஓடும். அவர் அக்கா வீட்டுக்குப் போகும்போதும் அதற்கு ஒரு தும்மல்கூட வந்ததில்லை. கேட்டால், "அது சமதரை ரோடு, இது ஏத்தம்" என்பார்.

பஸ்ஸில் போகிறேன் என்று ரெண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். "நீ தனியா போயி நின்னா, மாப்பிள்ளை விரட்டி விட்டுட்டான்னு உங்க அம்மா ஊரெல்லாம் சொல்லுவாங்க. எனக்கு அந்தப் பேர் வேணுமா?" என்றார். வீட்டில் சண்டை வேண்டாம் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

அம்மாவோ மறந்துபோனதையெல்லாம் நினைவுக்குக் கொண்டுவந்து, பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். "அன்னைக்கு ஓட்டை வண்டின்னு சொன்னேன் பாரு, என் வாய் முகூர்த்தம்தான்டி பிடிச்சு ஆட்டுது" என்று போனில் அழுதாள். அதற்கே அவளுக்கு மூச்சு முட்டியது.

கம்பெனி வாசலுக்கு எதிரே ஒரு ஒர்க்ஷாப். அந்த மெக்கானிக் வாய் ஓயாமல் பேசுவதால் எல்லாரும் அவரை சைலன்சர் என்போம். எங்கள் வண்டிக்கு அவர்தான் வைத்தியர். சாப்பாட்டு நேரத்தில் போய், வேறு கார்புரேட்டர் போட்டால் சரியாகுமா என்று கேட்டேன்.

"அது எதுக்குக்கா? போன மாசம்தான் திறந்து பார்த்தேன், உள்ள குறையே இல்ல. எங்க நிக்குது?"

"தண்ணித் தொட்டி வளைவுல."

"எப்பவுமே அங்கதானா?"

"எப்பவுமே."

சைலன்சர் பேச்சை நிறுத்தினார். நான் பார்த்து அவர் அப்படி நின்றதில்லை. துணியில் கையைத் துடைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "பெட்ரோல் டேப்பை மூடிட்டு ஓட்டினா, கார்புரேட்டர் அடியில கிண்ணத்துல தேங்கின பெட்ரோல் இருக்கிற வரைக்கும் ஓடும். உங்க வீட்டுலருந்து அந்தத் தூரம் வரும். சார் திறக்க மறந்திருப்பாருக்கா."

எனக்குப் பெரிய பாரம் இறங்கியது. மறதிதானா, இவ்வளவுதானா என்று அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் தலை வாரிக்கொண்டிருந்தபோது நானே வாசலுக்குப் போய் டேப்பைத் திறந்து வைத்தேன். அவர் வந்தார். வண்டியில் உட்கார்ந்தார். பேண்ட்டில் தூசி தட்டுகிறவர் மாதிரி குனிந்தார். விரல் டேப்பை மூடியது. நான் ஒரு முழத் தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

கண்ணால் பார்த்தும் மனசு ஒப்பவில்லை. ஏறி உட்கார்ந்தேன். இன்றைக்கு மட்டும் நிற்கக் கூடாது, நான் பார்த்தது பொய்யாக வேண்டும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டேன். வளைவு வந்தது. ரெண்டு தடவை இருமியது. நின்றது.

"சனியன் பிடிச்ச கார்புரேட்டர்" என்றார், சட்டைக் கையை மடித்துக்கொண்டே.

நான் பழையபடி பக்கத்தில் உட்கார்ந்தேன். ஸ்குருவைத் தந்தார், வாங்கிக்கொண்டேன். மிதவையையும் ஊசியையும் தந்தார். ஜெட்டை ஊதித் தந்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், ஓட்டை பளிச்சென்று இருந்தது. எல்லாவற்றையும் கைக்குள் இறுக்கிக்கொண்டு எழுந்து, எதிரே நின்ற பஸ்ஸில் ஏறினேன். பின்னால் அவர் கூப்பிட்டது கேட்டது. திரும்பவில்லை.

தம்பி கதவைத் திறந்தான். அம்மா கண்ணை மூடிக் கிடந்தாள். மூச்சு மட்டும் போய் வந்துகொண்டிருந்தது. அம்மா, அம்மா என்று கூப்பிட்டேன். இமைகூட அசையவில்லை.

"முந்தாநாள் வரைக்கும் பேசிட்டுத்தான்க்கா இருந்துச்சு" என்றான் தம்பி. "வண்டிச் சத்தம் கேட்டா போதும், அக்கா வந்துட்டாளா பாருடான்னு என்னை வாசலுக்கு விரட்டும்."

அம்மா பேச நினைத்தது என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. தம்பிக்கும் தெரியவில்லை. மறுநாள் விடிவதற்குள் அவள் போய்விட்டாள்.

தகவல் போய் அவர் பஸ்ஸில்தான் வந்து சேர்ந்தார். வண்டி எங்கே என்று யாரோ கேட்டதற்கு, "கார்புரேட்டர் பிரச்சினை" என்றார். அந்த வாயிலிருந்து அந்த வார்த்தை உண்மையாக வந்தது அன்றைக்கு ஒருநாள்தான்.

எல்லாம் முடிந்து கிளம்பும்போது தம்பி ஒரு அட்டைப் பெட்டியைக் கொண்டு வந்து என் கையில் கொடுத்தான். "அம்மா வாங்கிட்டு வரச் சொன்னது. நான் தேடி அலைஞ்சு வாங்கினேன். மாப்பிள்ளைகிட்ட குடுத்துடு, இனிமே அவரு நடுரோட்டுல நின்னு கஷ்டப்படக் கூடாதுன்னுச்சு." உள்ளே புதுக் கார்புரேட்டர் இருந்தது.

வீட்டு வாசலில் வண்டி, அவர் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்திய இடத்திலேயே நின்றது. பெட்டியை அதன் பக்கத்தில் வைத்தேன். கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்த ஸ்குருக்கள், மிதவை, ஊசி, ஜெட் எல்லாவற்றையும் அவிழ்த்துப் போட்டேன்.

"எங்க அம்மா உங்களுக்கு வாங்கினது. மாட்டுங்க."

"இப்பவா? முதல்ல கொஞ்சம் படு. அப்புறம் பார்த்துக்கலாம்."

"இப்பவே மாட்டுங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். என்ன தெரிந்ததோ, ஸ்பேனரை எடுத்து வந்து உட்கார்ந்தார். நானும் பழைய இடத்தில், பழையபடி உள்ளங்கையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கார்புரேட்டரைக் கழற்றுவதற்கு முன்னால் பெட்ரோல் கொட்டாமல் இருக்க டேப்பை மூட வேண்டும். அவர் கை தானாக டேப்புக்குப் போனது.

"அதைத் தொட வேண்டாம்" என்றேன். "ஞாயித்துக்கிழமை வாசல்ல வச்சே மூடிட்டீங்க."