கடிதத்தில் ஓடிய மைல்கள்

தந்தி வந்த நிமிஷத்திலிருந்து விஜயத்துக்குச் சோறு இறங்கவில்லை. குவைத்திலிருந்து கணவன் ராஜாராமன் வருகிறான். பன்னிரண்டாம் நாள் காலை, பாண்டியன் எக்ஸ்பிரஸில். பதினான்கு மாதம் காத்திருந்தவள் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். அவளோ ஓடிப்போய் ஷெட் கதவைத் திறந்தாள்.

உள்ளே அவனுடைய சிவப்புக் கார் நின்றது. இரண்டே இருக்கை, மடக்கும் கான்வாஸ் கூரை. எப்போதோ ஒரு வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன ஸ்போர்ட்ஸ் கார். எத்தனையோ மைல் ஓடியும் ராஜாராமன் கையில் அது புதுசுபோல் சீறும்.

"தினம் அஞ்சு மைலாவது ஓட்டு விஜி. ஓடினா இது இன்னும் இருபது வருஷம் இருக்கும். நின்னாத்தான் போச்சு" என்று சொல்லி, அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்து, லைசென்ஸும் வாங்கித் தந்துவிட்டுத்தான் அவன் விமானம் ஏறினான்.

முதல் நாள் பரவை வரை போனாள். எதிரே வந்த மாட்டு வண்டியின் நுகத்தடியில் உரசாமல் கதவு மயிரிழையில் தப்பியது. அவளுக்கு உயிரே போய்விட்டது. அவர் வரும்வரை ஒரு கீறல் விழக் கூடாது என்று அன்றே காரைப் போர்வை போட்டு மூடிவிட்டாள். வெள்ளிக்கிழமைதோறும் போர்வையை விலக்கி, முகப்பில் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். அதற்கு மேல் ஒரு வண்டியைப் பத்திரமாக வைத்திருக்க முடியாது என்று நம்பினாள்.

ஆனால் கடிதங்களில் தினமும் ஓட்டினாள். அவன் கவலைப்படக் கூடாதே என்று வழியில் பார்த்ததாகச் சிலதைக் கற்பனை செய்து எழுதி, முடிவில் மீட்டர் எண்ணையும் கூட்டிப் போட்டாள். கடைசிக் கடிதத்தில் 99,870. 'லட்சமாவது மைலை நாம் இருவரும் சேர்ந்து ஓட்ட வேண்டும்' என்று அவன் பதில் எழுதியிருந்தான்.

நிஜ மீட்டர் 97,412-ல் நின்றிருந்தது. சாவியைத் திருப்பினாள். ஒரு முனகல்கூட இல்லை.

மெக்கானிக் சோணை வந்து பானெட்டைத் திறந்தான். உள்ளே எலி கூடு கட்டியிருந்தது.

"எம்புட்டு நாளா நிக்குது மாமி?"

"ஒரு வருஷத்துக்கு மேல."

"பெட்ரோல் பிசினாப் போச்சு. பிரேக் இறுகிக் கிடக்கு. டயர் ஒரு பக்கமா சப்பிப்போச்சு. சந்தனமெல்லாம் நல்லாத்தேன் வச்சிருக்கீக. சாமி மாதிரியே அசையாம இருக்கு."

அவள் அழுதுவிட்டாள். சோணை பதறிப்போனான். "அட, அழுவாதீக. நாலு நாள்ல கிளப்பிருவேன். அப்புறம் நிறுத்தாம ஓட்டுங்க. ஓட ஓடச் சரியாயிரும்."

நாலாம் நாள் சோணையின் பட்டறையில் கார் உறுமியது. வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் இருமி, கறுப்புப் புகை கக்கியது. மறுநாள் விடிந்ததும் விஜயம் மேலூருக்குக் கிளம்பினாள். அங்கிருந்து திருமங்கலம். மறுபடி மேலூர். லாரி எதிரே வந்தபோதெல்லாம் வாய்விட்டு முருகனைக் கூப்பிட்டாள். மூன்றாம் நாள் புகை நின்றது. ஐந்தாம் நாள் சாவியைத் தொட்டதுமே இன்ஜின் பிடித்தது. கார் தேறத் தேற அவளுக்குத்தான் பயம் கூடியது. எட்டு நாள் ஓட்டியும் மீட்டர் 98,404. இன்னும் ஆயிரத்து நானூற்று அறுபத்தாறு மைல் பொய் பாக்கி இருந்தது.

"மீட்டரைத் திருப்பி விட்டுரலாம் மாமி. அரை மணி வேலை" என்றான் சோணை, கடைசி நாள் சாயங்காலம்.

"பண்ணிடு" என்றாள்.

அவன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் குனிந்தான். கொப்புளம் வெடித்திருந்த உள்ளங்கையை விஜயம் பார்த்தாள். இந்தத் தொள்ளாயிரத்துச் சொச்சம் மைல் அவள் ஓட்டியது. அதன்மேல் ஓட்டாததை ஏற்றினால் இதுவும் பொய்யாகிவிடும்.

"வேண்டாம், வேண்டாம். எடு கையை!"

மறுநாள் காலை ஸ்டேஷன் வாசலில் காரைப் பார்த்ததும் ராஜாராமன் குழந்தை மாதிரி சிரித்தான். பெட்டியைப் பின்னால் திணித்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் கண் நேரே மீட்டருக்குப் போனது. சிரிப்பு நின்றது.

"நான் ஓட்டவே இல்லை" என்றாள் விஜயம். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, அவன் முகத்தைப் பார்க்காமல், எல்லாவற்றையும் சொன்னாள். எலிக்கூட்டைக்கூட விடவில்லை.

"அப்போ பரவையில கத்திரிக்காய் விக்கிற மாயக்காள்? உன்னை 'கார்க்கார அம்மா'ன்னு கூப்பிடுவாளே?"

"அப்படி யாரும் இல்லை."

ஒரு குதிரை வண்டிக்காரர் வழி விடச் சொல்லிக் கத்தினார். அவள் காரைக் கொஞ்சம் நகர்த்தி நிறுத்தினாள்.

"ரூம்ல எல்லாருக்கும் படிச்சுக் காட்டுவேன் விஜி. கார் எனக்குப் பெரிசில்லை. பயந்தவ தினமும் வண்டியை எடுத்துண்டு தனியாப் போறாளேன்னு... அவளை நினைச்சுண்டுதான் நான் அங்க இருந்தேன். அவ இல்லவே இல்லையா?"

விஜயம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எட்டு நாளா இருக்கா."

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். பிறகு சாலையைப் பார்த்தான்.

"வீட்டுக்கு வேண்டாம். திருமங்கலம் ரோட்டுல விடு. அவ எப்படி ஓட்டறான்னு பார்க்கணும்."

கோபம் தீர்ந்துதான் சொல்கிறானா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. கியரைப் போட்டுத் தெற்கே திரும்பினாள். அவன் அடுத்த வார்த்தை பேச எத்தனை மைல் ஆனாலும் நிறுத்தாமல் ஓட்டுவது என்று மட்டும் முடிவு செய்துகொண்டாள்.