மஞ்சள் வைக்காத சேலை

நஞ்சுண்டன் என்பது அவர் பெயர். எதையும் முந்தியே செய்து வைப்பது அவர் வழக்கம். ஐப்பசி மழைக்கு ஆவணியிலேயே மொட்டைமாடியின் வடிகுழாய்களைக் குத்திச் சுத்தம் செய்துவிடுவார். ரயில் ஆறு மணிக்கு என்றால் ஐந்து மணிக்கே தயிர்ச்சோற்றுப் பொட்டலத்தோடு நடைமேடையில் உட்கார்ந்திருப்பார். சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பேனாக்கள் இருக்கும். ஒன்று எழுதுவதற்கு, மற்றொன்று அது எழுதாமற்போனால் எழுதுவதற்கு. கோயமுத்தூரை அடுத்த கணபதியில் பம்புகளுக்கு இரும்பு வார்க்கும் ஃபவுண்டரி ஒன்றில் நெடுங்காலம் மேற்பார்வையாளராக இருந்தவர். "இரும்பு உருகி வந்ததுக்கப்பறம் அச்சுக்கு மண்ணு தேடுனா, இரும்பு நிக்குமாங்க?" என்று கேட்பார்.

அவர் மனைவி கோமளா இதற்கு நேர்மாறானவர். காலையில் எழுந்ததும், "இன்னிக்கு என்ன கெழமைங்க?" என்று கேட்கும் இயல்பினர். பஞ்சாலையின் சோதனைக்கூடத்தில், பஞ்சைப் பிரித்து இழையின் நீளம் பார்க்கும் வேலையில் இளமை முழுவதையும் கழித்தார். ஆலையை மூடிப் பலகாலம் ஆயிற்று. அதன் தூசி மட்டும் கோமளாவின் நெஞ்சைவிட்டு அகலவில்லை. கார்த்திகை பிறந்தால் இழுப்பும் உடன் பிறந்துவிடும். சரவணம்பட்டியில் அவர்கள் வீடு கட்டியபோது சுற்றிலும் சோளக்காடாக இருந்தது. இப்போதோ எத்திசை நோக்கினும் அடுக்குமாடி எழும்புகிறது. சன்னலைத் திறந்தால் சிமெண்டுத் தூள் பாயில் வந்து படிகிறது. தலையணைகளை அடுக்கி, அவற்றில் சாய்ந்து உட்கார்ந்தபடியே கோமளா உறங்குவார். சென்ற மார்கழியில் மருத்துவர் நஞ்சுண்டனைத் தனியே அழைத்து, "இந்தக் குளிரும் தூசியும் அவங்களுக்கு இனி ஆகாதுங்க. இன்னொரு வருஷம் தாங்குவாங்கன்னு என்னால உறுதியாச் சொல்ல முடியாது" என்றார்.

அவர்களுடைய ஒரே மகன் கவின் மொரிசியஸில் கணினி வேலையில் இருந்தான். அது இந்துமாக்கடலின் நடுவே கிடக்கும் ஒரு சிறு தீவு நாடு. சித்திரையில் பெற்றோரை அழைத்துச் சென்று சில வாரங்கள் தன்னுடன் வைத்துக்கொண்டான். அங்கே வெயில் உண்டு, புழுக்கம் இல்லை. கடற்காற்று பகல் முழுவதும் வீட்டைக் கழுவிவிட்டதுபோல் வைத்திருந்தது. தெருமுனையில் இளநீர் விற்றவன் பெயர் வீரசாமி. பெயரைக் கேட்ட மகிழ்ச்சியில் கோமளா அவனிடம் ஊர், கோத்திரம் எல்லாம் விசாரித்தார். அவனோ 'வணக்கம்' என்னும் ஒரு சொல்லுக்கு அப்பால் தமிழறியாதவனாய்ச் சிரித்துக்கொண்டே நின்றான்.

ஒருநாள் விடியற்காலை நஞ்சுண்டன் கண்விழித்தபோது பக்கத்தில் கோமளா காலை நீட்டி, மல்லாந்து படுத்து, வாய்மூடி உறங்கிக்கொண்டிருந்தார். தலையணைகள் தரையில் கிடந்தன. நஞ்சுண்டன் தம் மூச்சையும் அடக்கிக்கொண்டு செவிகொடுத்தார். இழுப்பின் ஒலி இல்லை; அலையின் ஒலி மட்டும் இருந்தது. அன்று காலையிலேயே மகனிடம், ஓய்வு பெற்ற அயல்நாட்டார் அங்கே தங்குவதற்குரிய அனுமதியைப் பற்றி விசாரித்தார். ஆவணியில் அனுமதி வந்தது. கார்த்திகைக் குளிருக்கு முன், தீபாவளி கழிந்த மறுவாரமே புறப்படுவதாக ஏற்பாடு.

செய்தி பரவியதும் ஊர் சும்மா இருக்குமா? அவரோடு ஃபவுண்டரியில் வேலை பார்த்த ரசாக், காலை நடையின்போது, "ஏனுங்க, சாகாமயே சொர்க்கத்துக்கு டிக்கெட் எடுத்த மொத ஆளு நீங்கதானுங்க! நீங்க கடல்ல காலை நனைச்சுட்டு உக்காந்துக்குவீங்க, நாங்க இந்தச் சாக்கடைக் குழியில உழுந்து எந்திரிச்சிட்டிருக்கோணும்" என்றார். நஞ்சுண்டனும் சிரித்தார். ஆயினும் அச்சிரிப்பு நெஞ்சுக்குள் இறங்கவில்லை. பவானிக்குச் சென்று தமக்கையிடம் சொல்ல வேண்டிய செய்தி அங்கே அடைத்துக்கொண்டிருந்தது.

செல்லாத்தாள் அவருக்கு மூத்தவர். உடன்பிறப்பு என்று அவருக்கு மிஞ்சியிருந்தவர் இவர் ஒருவரே. பவானியை அடுத்த ஓர் ஊரில், மஞ்சள் பயிரிடும் தோட்டத்து வீட்டில், மகன் கிருபாசங்கரோடும் மருமகள் லோகப்பிரியாவோடும் இருந்தார். கணவரை இழந்து முப்பது ஆண்டுகளாக வெள்ளைச் சேலைதான் உடுத்துகிறார். வாய் மட்டும் வெளுக்கவில்லை.

"கடலுக்கு நடுவால ஊடாமா? கடல் பொங்கிப்போட்டா எந்தப் பக்கம் ஓடுவியாம்?" என்று கேட்டார், தம்பி சொன்னதைக் கேட்டதும்.

"அதெல்லாம் பொங்காதுங்கக்கா. மலையெல்லாம் இருக்குதுங்க."

"மலை இருக்குது, கடல் இருக்குது. பருப்புஞ்சோறு இருக்குதா?"

"இருக்குதுங்க. பருப்பு நம்மூர்ல இருந்துதான் போகுதாமா."

"பருப்பே போகுது, நீ போறதுக்கு என்ன" என்றார் செல்லாத்தாள். பிறகு கோமளாவின் மூச்சைப் பற்றி விசாரித்து, புது மஞ்சளும் நாட்டுச் சர்க்கரையும் பையில் கட்டிக் கொடுத்தார். வேறொன்றும் கேட்கவில்லை. ஆனால் தம்பி ஏறிய பேருந்து வளைவில் திரும்பும்வரை, நெற்றியில் கையை வைத்து வெயிலை மறைத்தபடி அங்கேயே நின்றார். அவர் அவ்வாறு நின்று நஞ்சுண்டன் ஒருநாளும் கண்டதில்லை.

பேருந்தில் வரும்போதே அவருக்குக் கோடியைப் பற்றிய நினைவு வந்தது.

ஒரு பெண்ணின் வீட்டில் சாவு நிகழ்ந்தால் அவள் பிறந்த வீட்டார் புதுத்துணி எடுத்துச் செல்லவேண்டும். கோடி என்பது அதுதான். அவளே இறந்தாலும் கடைசித் துணி பிறந்த வீட்டிலிருந்துதான் வரவேண்டும். அது வராமல் பாடையைத் தூக்கமாட்டார்கள். செல்லாத்தாளின் கணவர் இறந்த அன்று நஞ்சுண்டன் உலையருகில் நின்றிருந்தார். செய்தி வந்து, துணி வாங்கி, பேருந்து பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் பொழுது சாயத் தொடங்கிவிட்டது. "நேரமாவுது, எடுக்கலாமுங்க" என்று சிலர் சொல்ல, "பொறந்த ஊட்டுக் கோடி வரட்டும்" என்று பெரியவர்கள் நிறுத்தி வைத்திருந்தார்கள். அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீரும் விடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த செல்லாத்தாள், பந்தலுக்குள் தம்பியின் தலையைக் கண்டதும்தான் வாய்விட்டு அழுதார்.

இனி அக்கோடியை யார் எடுத்துச் செல்வார்? நஞ்சுண்டன் தம் வழக்கப்படி விடை கண்டார். பங்காளி முறையில் அவினாசியப்பன் இருந்தார். அவர் கையால் போட்டால் முறை தவறாது. துணியை மட்டும் தாமே வாங்கி வைத்துவிட்டால் கவலை தீர்ந்தது. அச்சு ஆயத்தமாகிவிட்டால் இரும்பு எப்போது வந்தால் என்ன?

மறுவாரமே ஒப்பணக்காரத் தெருவில் ஒரு வெண்பருத்திச் சேலை எடுத்தார். நூலளவு சாம்பற்கரை போட்டது. அக்காவுக்கு மெல்லிய துணிதான் பிடிக்கும் என்பதனால் விரலால் தடவித் தடவித் தேர்ந்தார். புதுத்துணி எதுவாயினும் மூலையில் ஒரு பொட்டு மஞ்சள் வைத்துக் கொடுப்பது அவர்கள் குடும்பத்து முறை. கைக்குழந்தையின் சட்டைக்கும் அதுவே, வெள்ளையுடுத்தும் பெண்ணின் சேலைக்கும் அதுவே. கோடிக்கு மட்டும் மஞ்சள் ஆகாது. ஆகவே வைக்காமல் மடித்து, தாளில் சுற்றி, பவானிக்குக் கொண்டு சென்று கிருபாசங்கரைத் தோட்டத்துப் பக்கம் தனியே அழைத்துக் கொடுத்தார்.

விவரம் கேட்ட கிருபாசங்கர் பொட்டலத்தைத் திருப்பி நீட்டினான். "மாமா! என்னங்க மாமா இது? அம்மா கல்லாட்டம் இருக்கறாங்க. இப்பத்தான் மாட்டுக்குச் சோளத்தட்டு அறுத்துப் போட்டுட்டு வந்தாங்க. நீங்க கோடியக் கொண்டாந்து நீட்டறீங்க!"

"கோவிச்சுக்காத மாப்பள. என்னைக்கோ ஒரு நாளைக்கு வேணுமில்ல? அன்னைக்கு நீ யாரைத் தேடி ஓடுவே? பீரோ மேல வெச்சிரு. அக்காளுக்குத் தெரிய வேண்டாம்."

முதியவர் சொல்லைத் தட்ட இயலாமல் அவன் வாங்கிக்கொண்டான். நஞ்சுண்டன் அன்றிரவு நன்றாக உறங்கினார்.

புறப்படும் முன் வந்த ஞாயிற்றுக்கிழமை, சரவணம்பட்டி வீட்டில் நெருங்கிய உறவுக்கு ஒரு விருந்து வைத்தார்கள். காலையில் கிருபாசங்கரின் கார் வாசலில் வந்து நின்றது. பின்கதவைத் திறந்து செல்லாத்தாள் இறங்கினார். வரவேற்கப் படியிறங்கிய நஞ்சுண்டன் கடைசிப் படியிலேயே நின்றுவிட்டார். தமக்கை உடுத்தியிருந்தது நூலளவு சாம்பற்கரை போட்ட வெண்சேலை.

"ஏ கோமளா, இங்க வந்து பாரு!" என்று முந்தானையை விரித்துக் காட்டினார் செல்லாத்தாள். "எந்தம்பி எடுத்துக் குடுத்த தீவாளிச் சேலை! எப்புடி, வெண்ணெயாட்டம் இருக்குதா? எங்கிட்டக் குடுக்க வெக்கப்பட்டுட்டு பீரோ மேல ஒளிச்சு வெச்சுட்டு வந்திருக்கறான்!"

"காலையில பீரோவைத் தொடைக்கறப்ப மேல இருந்துச்சுங்க" என்றாள் லோகப்பிரியா மகிழ்ச்சியோடு. "தாளுல கடை பேரு கோயமுத்தூருன்னு போட்டிருந்துச்சு. நீங்கதான் வெச்சுட்டுப் போயிருக்கோணும்னு அத்தைகிட்டக் குடுத்துப்போட்டேனுங்க. எங்க ஊட்டுக்காரருதான் ஒரு வார்த்தை சொல்லாம இருந்திருக்கறாங்க."

கிருபாசங்கர் காரின் மறுபக்கத்திலிருந்து அப்போதுதான் தாயின் உடையை நன்றாகப் பார்த்தான். வீட்டில் எந்நாளும் காண்பது வெள்ளைச் சேலையே ஆதலால் வண்டியோட்டி வந்தவனுக்கு வேறுபாடு தோன்றவில்லை. மாமனும் மருமகனும் ஒருவரையொருவர் நோக்கி, உடனே பார்வையை விலக்கிக்கொண்டார்கள்.

விருந்தில் நஞ்சுண்டன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். எதிர் வரிசையில் தமக்கை கோடியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, அப்பளத்தை நொறுக்கி, பாயசத்துக்கு இனிப்புப் போதாதென்று கோமளாவைக் கிண்டல் செய்துகொண்டிருந்தார். "சக்கரையெல்லாம் அந்த ஊருக்கு மூட்டை கட்டிப்போட்டியா அம்மணி?" கோமளா சிரிக்கப் போய், சிரிப்பு இருமலாகி, அடுப்பங்கரைக்கு எழுந்து போனார்.

உண்டெழுந்த செல்லாத்தாள் கொல்லைக் குழாயில் கை கழுவிவிட்டு முந்தானையால் துடைத்தார். துடைத்த கை நின்றது. முந்தானையின் மூலையைத் திருப்பிப் பார்த்தார். மறுமூலையை எடுத்துப் பார்த்தார். துண்டோடு பக்கத்தில் நின்ற தம்பியை நோக்கி, "ஏந்தம்பி, மஞ்ச வெக்க மறந்துபோட்டியா?" என்றார்.

நஞ்சுண்டன் துண்டை நீட்டினார். ஆம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். ஆனால் அவர் எதையும் மறப்பவர் அல்லர் என்பதை அவரைத் தோளில் தூக்கி வளர்த்த தமக்கையை விட வேறு யார் அறிவார்? செல்லாத்தாள் அவர் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு குழாயடிக் கல்லின்மேல் மெல்ல உட்கார்ந்தார்.

"ஓ" என்றார். "அதுக்கு எடுத்ததா."

"அக்கா... அவினாசியப்பன் கையில குடுக்கச் சொல்லித்தானுங்க... முறை தவறக்கூடாதுன்னு..."

"முறைக்கென்ன, யாராச்சும் கொண்டாந்து போடுவாங்க. சீருக்குக் கொறை வராது." செல்லாத்தாளின் குரலில் கோபம் இல்லை, அதுவே தம்பியைச் சுட்டது. "அன்னைக்கு உங்க மாமனுக்கு நீ கொண்டாந்தியே, அது என்ன துணின்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது கண்ணு. நான் துணியவா பாத்தேன்?"

நஞ்சுண்டன் தலை குனிந்தார். அச்சை மட்டும் ஆயத்தம் செய்துவிட்டு, வார்க்க வேண்டிய இரும்பு இன்னதென்று எண்ணிப்பாராமற்போன பேதைமை அப்போதுதான் அவருக்கு விளங்கிற்று. "கழட்டிக் குடுத்துருங்கக்கா. வேற சேலை எடுத்தாரேன். இதைக் கட்டக்கூடாது" என்றார்.

"கட்டிப்போட்டேனே. கட்டுனதை அவுத்துக் குடுக்கறதா?" செல்லாத்தாள் முந்தானை மூலையை நீட்டினார். "உள்ள போயி மஞ்சளைக் கொழைச்சு எடுத்துட்டு வா."

அவர் அடுப்பங்கரைக்குப் போனார். அங்கே கோமளா மேடையில் இரு கைகளையும் ஊன்றி, தோள்கள் ஏறி இறங்க, மூச்சை எட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். கணவரைக் கண்டதும் ஒன்றுமில்லை என்று கையசைத்தார். ஐப்பசி இன்னும் முடியவில்லை. குளிர் தொடங்கவே இல்லை. நஞ்சுண்டன் அவர் முதுகைச் சற்று நேரம் தடவிக்கொடுத்தார். பிறகு தமக்கை கொடுத்தனுப்பிய மஞ்சளையே கிண்ணத்தில் இட்டு, நீர்விட்டுக் குழைத்துக்கொண்டு கொல்லைக்கு வந்தார்.

"நீயே வெய்யி" என்றார் செல்லாத்தாள்.

அவர் குந்தி உட்கார்ந்து, விரல்நுனியால் மஞ்சளைத் தொட்டு, வெள்ளைச் சேலையின் மூலையில் வைத்தார். பொட்டு வட்டமாக அமையாமல் சற்று இழுபட்டுப் போயிற்று. செல்லாத்தாள் அதை உற்றுப் பார்த்துவிட்டு முந்தானையைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"இது இனித் தீவாளிச் சேலை" என்றார். "இப்பச் சொல்லு. எல்லாரும் எங்கிட்ட, ஏரோப்பிளேன்ல ஏறுனா ஒடனே வந்துருவான் உங்க தம்பின்னு சொல்லிட்டே இருக்கறாங்க. கிருபாவும் அதையே சொல்றான். நான் கண்ண மூடுன அன்னைக்கு நீ வந்து நிப்பியா, மாட்டியா? நெசத்தச் சொல்லு சாமி. பந்தல்ல கெடந்துட்டு உன்னைய எதிர்பாக்க வேண்டாம் பாரு."

வருவேன் என்னும் சொல் நஞ்சுண்டனின் நாக்கு நுனிவரை வந்தது. பம்பாய் வழியாக வரவேண்டும். விமானம் எல்லா நாளும் இல்லை. அக்காவின் ஊரில் பிணத்தை ஒரு பொழுதுக்கு மேல் வைக்கமாட்டார்கள். இவையெல்லாவற்றையும் அவர் முன்பே விசாரித்து வைத்திருந்தார். உள்ளிருந்து கோமளாவின் இருமல் கேட்டது. இருவரும் அது அடங்கும்வரை காத்திருந்தார்கள்.

அவர் தமக்கையின் ஈரக் கையைத் தம் கைகளுக்குள் எடுத்துக்கொண்டார்.

"வர முடியாதுங்கக்கா" என்றார். "நான் அவளைக் கூட்டிட்டுப் போறேனுங்க."