மூங்கில் வளைவு

ரிங்லெட் அணை ஏரியில் குப்பை அள்ளும் வேலைக்கு நாகரத்தினம் சேர்ந்து பதினாறு வருடமாகிறது. குத்தகையாளர் கொடுத்த படகில் காலை ஏழரைக்கு இறங்குவார். மலைமேலே காய்கறி விளையும் கியா பார்மிலிருந்தும் அதற்குக் கீழே உள்ள தோட்டங்களிலிருந்தும் ஆறு தள்ளிக்கொண்டு வரும் உரச்சாக்கு, மருந்துப் போத்தல், பிளாஸ்டிக் விரிப்பு எல்லாவற்றையும் கொக்கியால் இழுத்துப் படகில் போடுவார். கோலாலம்பூருக்கு வந்துவிடும்படி மகன் பலமுறை கூப்பிட்டும் போகவில்லை. ஏரியை விட்டு வர மனமில்லை என்று சொன்னால் சிரிப்பான் என்பதால் முழங்கால் வலியைக் காரணம் காட்டினார்.

ஏரியின் வருடம் அவருக்கு மனப்பாடம். அக்டோபரில் மழை பிடித்தால் தண்ணீர் பால் தேத்தண்ணி நிறத்துக்கு வந்துவிடும். ஜனவரி கடைசியில் மழை ஓய்ந்து தண்ணீர் இறங்கும்போது ஓரங்களில் சேற்றுத் திட்டுகள் தெரியும், கொக்குகள் வரும். அவருக்குப் பிடித்த காலம் அதுதான். எந்த மாதம் எங்கே என்ன ஒதுங்கும் என்பதும் தெரியும். மழைக்கால வெள்ளம் கனமான எதையும் அணை வரைக்கும் விடாது. ஆறு ஏரிக்குள் நுழையும் மூங்கில் வளைவில் சுழற்றிச் சேற்றில் அமுக்கிவிடும்.

போன நவம்பரில் ஒரு மாலை, அவருடைய தங்கை பவளத்தின் கணவர் யோகேந்திரன், ஆற்றோரத்தில் இருந்த தன் கோஸ் தோட்டத்துத் தண்ணீர்ப் பம்பைக் கழற்றி எடுக்கப் போனார். வெள்ளம் பலகைப் பாலத்தோடு சேர்த்து அவரையும் கொண்டுபோனது. பொம்பா மீட்புப் படையினர் ஏழு நாள் தேடினார்கள். வளைவைப் பாருங்கள் என்று நாகரத்தினம் மூன்றாம் நாளே சொன்னார். பார்த்தார்கள். பன்னிரண்டு அடிக் கம்பு சேற்றில் அடி தட்டாமல் இறங்கியது. ஆளை இறக்க முடியாது என்று திரும்பிவிட்டார்கள்.

எட்டாம் நாள் பவளம் இருந்த தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டுக்குப் போனார். தை மாதம் தண்ணீர் இறங்கும், அப்போது எடுத்துவிடலாம் என்று மெதுவாகச் சொன்னார். அவள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து வெட்டுகிறவள். அன்றும் வேலைக்குப் போய் வந்திருந்தாள்.

"வேணாண்ணே. நீ தேடாத," என்றாள். "கெடைக்காத வரைக்கும் அவரு எங்கயோ இருக்காரு. எந்த ஆஸ்பத்திரியிலயாவது பேரு தெரியாம கெடக்கலாம். நீ போயி அதை முடிச்சிராத."

"நான் தெனமும் அங்கதானே வேலை செய்யறேன், பவளம்."

"அந்தப் பக்கம் மட்டும் போகாத."

சரி என்று வாக்குக் கொடுத்தார்.

இரண்டு மாதத்துக்கு மேல் போகவில்லை. வளைவில் குப்பை சேர்ந்து கரை வரை அடைத்துக்கொண்டது. வேலையை மேற்பார்க்கும் மண்டோர் ஏசியபோது, நீர்க்கொடி இன்ஜினில் சிக்குகிறது என்று பொய் சொன்னார். மற்ற இடங்களிலும் கொக்கியில் ஏதாவது கனமாக மாட்டினால் கை நின்றுவிடும். சாக்கு என்று தெரிந்த பிறகுதான் இழுப்பார். ஏரியை நிமிர்ந்து பார்ப்பதையே விட்டுவிட்டார்.

பிப்ரவரி இரண்டாம் வாரம், தண்ணீர் நன்றாக இறங்கிய ஒரு காலை, வளைவுப் பக்கம் நாய்கள் குரைப்பது கேட்டது. மூன்று நாய்கள் சேற்றில் இறங்கி எதையோ இழுத்துக்கொண்டிருந்தன. நாகரத்தினம் படகைத் திருப்பினார்.

முதலில் யோகேந்திரனின் நீல மழைக்கோட்டு தெரிந்தது. துடுப்பால் நாய்களை விரட்டிவிட்டுப் போலீசுக்குப் போன் செய்தார். அவர்கள் வர இரண்டு மணி நேரம் ஆனது. அதுவரை படகிலேயே காவலிருந்தார்.

"மன்னிச்சிரு மச்சான்," என்றார். "இங்கதான்னு தெரிஞ்சிதான் இருந்தேன்."

தானா ராத்தா ஆஸ்பத்திரியில் மழைக்கோட்டை வைத்து அடையாளம் காட்டிவிட்டு நேராக லயத்துக்குப் போனார். பவளம் அப்போதுதான் கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்துகொண்டிருந்தாள். வேலை நேரத்தில் அண்ணன் வந்து நிற்பதைப் பார்த்ததும் குழாயடிச் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அந்தப் பக்கம் போயிட்டியா?"

"நாய் வந்திருச்சு, பவளம்."

அவள் தலைத்துண்டை அவிழ்த்து மடியில் வைத்தாள். பிறகு, "மொகம் இருந்திச்சா?" என்று கேட்டாள்.

"இருந்திச்சு," என்றார்.

பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதாக அவர் சொன்னபோது, பவளம் அவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். அஸ்தியை ஏரிக்கு மேலே ஆற்றில் கரைக்கலாம் என்று லயத்தார் சொன்னார்கள். இந்தத் தண்ணீர் வேண்டாம் என்று அவள் மறுத்தாள். வேன் பிடித்து லுமுட் கடலுக்குப் போய்க் கரைத்தார்கள்.

திரும்பி வரும்போது ரிங்லெட் தாண்டியதும் ஏரி தெரிந்தது. தெளிந்த தண்ணீரில் எதிர்மலையின் நிழல் அப்படியே விழுந்திருந்தது. பவளம் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். நாகரத்தினம் பார்த்தார். கரையோரம் எது மிதக்கிறது என்று தேடும் கண்ணோடுதான் அவரால் பார்க்க முடிந்தது.

வளைவை வேறு யாருக்காவது கொடுக்கும்படி மண்டோரிடம் கேட்டார். ஆளில்லை என்று மண்டோர் சொல்லிவிட்டார். வாரத்துக்கு ஒருமுறை அங்கே போய்ச் சேர்ந்ததை அள்ளிக்கொண்டு வருகிறார். பவளம் பேசுகிறாள், சோறும் போடுகிறாள். வேலை எப்படி என்று மட்டும் கேட்பதில்லை.