கிணறு வெட்டியவளின் கதை

1974இல் தருமபுரியில் ராஜமேரியின் முதல் நாவலுக்குப் பாராட்டுக் கூட்டம் நடந்தது. நிலத்தை விற்றுவிடச் சொன்ன பங்காளிகளை எதிர்த்து, கிணறு வெட்டித் தண்ணீர் கண்ட ஒரு விதவையின் கதை அது.

"இந்தக் கதை உங்களுக்கு எப்படித் தோணுச்சுங்க?" என்று ஒருவர் கேட்டார்.

ராஜமேரி கூட்டத்தைப் பார்த்தாள். தன் ஊரான காரிமங்கலத்தில் பக்கத்து வீட்டு வேளாங்கண்ணியின் வாழ்க்கையைத்தான் அவள் பெயர் மாற்றி எழுதியிருந்தாள். அந்த வேளாங்கண்ணியோ இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கதையைத் தெரிந்துகொண்டு என்ன நினைத்தாளோ?

வேளாங்கண்ணி எழுந்தாள். "அதுக்கு நான் பதில் சொல்றேனுங்க. அந்தப் பொம்பள நாந்தான். எம் பொண்ணு முழுசாப் படிச்சுக் காட்டுனா. மேரி, எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கற. ஆனா தண்ணி பொங்குனப்ப நான் அழுவல. பங்காளிங்க காதுல விழுறாப்புல சிரிச்சேன்."

கூட்டம் சிரித்தது. ராஜமேரிக்கு உயிர் வந்தது. "அடுத்த பதிப்புல சிரிக்க வெச்சுடறேன்க்கா."

"எம் பேரையும் போட்டுடு."

கைதட்டலில் மண்டபமே அதிர்ந்தது. ராஜமேரி கீழே இறங்கி வந்து, வேளாங்கண்ணியின் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்துப்போய்த் தன் நாற்காலியில் உட்காரவைத்தாள். புத்தகம் வாங்கியவர்கள் இருவரிடமும் கையெழுத்துக் கேட்டார்கள். வேளாங்கண்ணி பேனாவை வாங்கி, பக்கம் நிறையப் பெரிய பெரிய எழுத்தாகத் தன் பெயரை எழுதினாள்.