கும்பாபிஷேகம் இருந்த ஹார்டு டிஸ்க்

ஒப்பந்தக் கடிதத்தில் ஏழாவது நிபந்தனையைச் சேர்த்தவன் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

"காட்சிகள் அனைத்தையும் கமிட்டி வாங்கித் தரும் ஹார்டு டிஸ்கில் ஏற்றி ஒப்படைக்க வேண்டும். தங்களிடம் எந்தப் பிரதியும் வைத்துக்கொள்ளக் கூடாது."

எங்கள் ஊர் அய்யனார் கோயிலுக்குப் பதின்மூன்று வருஷம் கழித்துக் கும்பாபிஷேகம். நான் கமிட்டியின் செயலாளர். ஒன்றிய அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் கடிதம், மனு, தீர்மானம் எதுவானாலும் என்னிடம்தான் வரும். போன கும்பாபிஷேகத்தை வீடியோ எடுத்தவர் மூலப் பிரதியைத் தராமல் இழுத்தடித்து, கடைசியில் கடையையே காலி செய்துகொண்டு போய்விட்டார். இந்த முறை அப்படி ஆகிவிடக் கூடாது என்றுதான் ஏழாவது நிபந்தனை.

வீடியோ எடுக்க இளமதியைப் பேசினோம். எங்கள் ஊர் ராசாத்தியின் மகள். அன்னவாசலில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ திறந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. ராசாத்தி என்னை அண்ணே என்பாள். அதனால் இந்தப் பெண்ணுக்கு நான் மாமா. கமிட்டியில் வெற்றிசெல்வன் மட்டும் ஒப்பவில்லை. அவன் மச்சினன் ஒருவனும் வீடியோக்காரன்.

"பொம்பளப்புள்ள சாரத்துல ஏறிக் கலசத்தை எடுக்குமா?" என்றான்.

"நீ ஏறுவியாடா? ஒன் எடைக்குச் சாரம் நிக்குமா?" என்றார் தலைவர் நல்லதம்பி. எல்லோரும் சிரித்தார்கள். இளமதிக்கே கொடுப்பதென்று முடிவாயிற்று.

கும்பாபிஷேகம் ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்தப் பெண் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு சாரத்தின் உச்சியில் நின்று எடுத்ததை ஊரே பார்த்தது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் டிஸ்க்கை என் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். ஒரு மஞ்சள் துணியில் சுற்றியிருந்தாள்.

"மாமா, எல்லாம் இதுல இருக்கு. நீங்க எழுதியிருந்தபடி என் கேமரா கார்டுலயும் அழிச்சிட்டேன். வேற எங்கிட்டும் காப்பி கிடையாது. சனிக்கிழமைக்கு மேல இங்க வந்து உக்காந்தே எடிட்டிங் பண்ணித் தாரேன்."

"நல்லதும்மா."

"ஒரு விசயம் மாமா. என் லேப்டாப்பு பிளஸ் டூல கவர்மெண்டு கொடுத்தது. அதுல விண்டோஸ் படுத்துருச்சுன்னு லினக்ஸ் போட்டு வச்சிருக்கேன். இந்த டிஸ்க்கை வாங்குனபடியே வச்சு ஏத்துனா பாதியில பாதியில நின்னுபோச்சு. அதனால லினக்ஸுக்குத் தக்கபடி மாத்தித்தான் ஏத்தியிருக்கேன். ஒங்க கம்ப்யூட்டர்ல போட்டா அதுக்குப் படிக்கத் தெரியாது. ஃபார்மேட் பண்ணவான்னு கேக்கும், அப்ப..."

நான் கையை உயர்த்தினேன். "ஏம்மா, ஆபீசுல பதினெட்டு வருஷம் கம்ப்யூட்டர்ல உக்காந்தவன்கிட்டயா வந்து சொல்ற? போம்மா, போயி ரெஸ்ட் எடு."

அவள் வாய் திறந்தபடி ஒரு நொடி நின்றாள். பிறகு, "சரி மாமா, வாரேன்" என்று போய்விட்டாள். டிஸ்க் பெற்றுக்கொண்டதற்கு ரசீது எழுதிக் கொடுத்திருந்தேன், தேதியும் நேரமும் போட்டு. அதிலெல்லாம் குறை வைக்க மாட்டேன்.

மறுநாள் புதன்கிழமை. காலை வேலையை முடித்துவிட்டு மனைவி வெளியே போயிருந்தாள். யாகசாலையிலிருந்து முதல் கடம் புறப்பட்டபோது அதைத் தலையில் சுமந்தவன் நான். அது எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க ஆசை. வேறு எந்தக் காரணமும் இல்லை. துணியைப் பிரித்து, வயரை என் கம்ப்யூட்டரில் செருகினேன்.

இந்த டிஸ்க்கைப் பயன்படுத்துவதற்கு முன்னால் ஃபார்மேட் செய்ய வேண்டும் என்று ஆங்கிலத்தில் வந்தது. இப்படிக் கேட்கும் என்று நேற்று அவள் சொன்னது நினைவில் தட்டியது. அப்போது என்ன செய்யச் சொல்ல வந்தாள் என்பதுதான் தெரியவில்லை. அதைச் சொல்லி முடிக்க நான் விடவில்லையே. புது நோட்டுக்குக் கோடு போடுகிற மாதிரி, திறப்பதற்கு முன் ஏதோ சீர்செய்யக் கேட்கிறது என்று நினைத்து அழுத்தினேன். இன்னொரு முறை கேட்டது: இதில் உள்ள எல்லாத் தகவலும் அழிந்துவிடும். அதையும் படித்தேன். படித்துவிட்டுத்தான் அழுத்தினேன். எல்லாப் படிவத்தின் கடைசியிலும் இப்படி ஏதாவது எச்சரிக்கை இருக்கும், அதைப் பார்த்துப் பயந்தால் ஆபீசில் ஒரு வேலையும் நடக்காது என்ற பழக்கம்.

பத்து விநாடிகூட ஆகவில்லை. ஒரு வெள்ளைப் பக்கம் திறந்தது. அதில் ஒன்றும் இல்லை.

அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. அப்புறந்தான் தெரிந்தது என்று சொன்னால் பொய். வயரைப் பிடுங்கி, டிஸ்க்கை அதே மஞ்சள் துணியில் அதே முடிச்சுப் போட்டுப் பீரோவில் வைத்தேன். இளமதியின் நம்பர் போனில் மேலேயே இருந்தது. எடுக்கவில்லை. மத்தியானம் மனைவி வத்தக்குழம்பு வைத்திருந்தாள். சாப்பிட்டேன்.

சனிக்கிழமை கமிட்டி கூடியது. கொஞ்சம் பார்ப்போமே என்று வெற்றிசெல்வன் தன் லேப்டாப்பைக் கொண்டுவந்திருந்தான். டிஸ்க்கைச் செருகினான். மூன்று முறை கழற்றி மாட்டினான்.

"தலைவரே, வெறும் டப்பாவக் கொடுத்து ஏமாத்திருக்கு அந்தப் புள்ள."

"நல்லாப் பாருப்பா."

"நீங்களே பாருங்க. ஒரு போட்டோகூட இல்ல. சாரத்து மேல நின்னு சும்மா ஆக்ட் கொடுத்துருக்கு."

நல்லதம்பி என்னைப் பார்த்தார். "செயலாளரே, ஒங்ககிட்டதான கொடுத்துச்சு. கொடுக்கயில என்ன சொல்லுச்சு?"

"எல்லாம் இருக்குன்னு சொல்லுச்சு" என்றேன். அது உண்மை.

"ஒரு லெட்டர் போடுங்க."

போட்டேன். அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். "தாங்கள் செவ்வாய்க்கிழமை ஒப்படைத்த ஹார்டு டிஸ்க்கை இன்று கமிட்டியார் முன்னிலையில் திறந்து பார்த்ததில், எந்தக் காட்சியும் அதில் காணப்படவில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம். இதற்கான விளக்கத்தைத் திங்கட்கிழமை நேரில் தர வேண்டும்." எழுதி முடித்துவிட்டுத் திரும்பப் படித்தேன். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. முப்பது வருஷமாகக் கடிதம் எழுதிப் பழகியதில் நான் கற்றது அதுதான் போலிருக்கிறது. கையெழுத்துப் போட்டு, கீழே தேதியும் போட்டேன்.

வெற்றிசெல்வன் அதைப் போட்டோ எடுத்து ஊர் வாட்ஸப் குரூப்பில் போட்டான். சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கிற எங்கள் ஊர்ப் பையன்கள், லீவு கிடைக்காமல் வீடியோவுக்காகக் காத்திருந்தவர்கள், அன்று ராத்திரியே எழுத ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவன் எழுதியதை இங்கே எழுத முடியாது.

திங்கட்கிழமை இளமதி அம்மாவோடு வந்தாள். கோயில் மண்டபத்தில் கமிட்டி முழுதும் இருந்தது. வேடிக்கை பார்க்க வந்தவர்களும் இருந்தார்கள். இளமதியின் கண் வீங்கியிருந்தது. ஆனால் குரல் தெளிவாக இருந்தது.

"டிஸ்க்கைக் கொடுங்க. பார்க்கணும்."

"பார்க்க என்னம்மா இருக்கு, அதான் ஒண்ணுமில்லையே" என்றான் வெற்றிசெல்வன்.

"கொடுங்கண்ணே."

தன் லேப்டாப்பில் செருகினாள். கறுப்புத் திரையில் எதையோ தட்டினாள். பிறகு நிமிர்ந்தாள்.

"இத யாரோ ஃபார்மேட் பண்ணியிருக்காங்க. இது நான் கொடுத்த மாதிரி இல்ல, விண்டோஸுக்கு மாறியிருக்கு. விண்டோஸ் தானா உண்டாக்குன ஃபோல்டர் ஒண்ணு இருக்கு. அதுல நேரம் இருக்கு. போன புதன்கிழமை, காலையில பத்து நாப்பத்திரண்டு."

"அது ஒன் லேப்டாப்பு. நீ சொல்லச் சொல்றதத்தானே அது சொல்லும்!" என்றான் வெற்றிசெல்வன். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"இல்லண்ணே, ஒங்க லேப்டாப்புலயே பாருங்க..."

"பாத்தாச்சு, பாத்தாச்சு. சனிக்கிழமையே பாத்தாச்சு."

நல்லதம்பி தொண்டையைச் செருமினார். "இந்தாம்மா. எடுக்கல, கேமரா வேலை செய்யலன்னா அதச் சொல்லிரு. அய்யனார் சன்னிதி இது. செயலாளர் வீட்டுப் பீரோவுல இருந்த பொருளு. அங்க எவன் போயித் தொடுவான்?"

இளமதி என் பக்கம் பார்க்கவில்லை. நேரம் அவளுக்குத் தெரியும், டிஸ்க் யாரிடம் இருந்தது என்பதும் தெரியும். ஆனாலும் என் பக்கம் பார்க்காமல், மண்டபத்துத் தூணைப் பார்த்துச் சொன்னாள்.

"யாரு பண்ணுனதுன்னு இப்ப எனக்கு வேண்டாம். ஃபார்மேட் பண்ணுனதுக்கு அப்புறம் இதுல ஏதாச்சும் ஏத்துனாங்களா, அத மட்டும் சொல்லுங்க. ஏத்தலன்னா உள்ள இன்னும் கெடக்கும். பேரு போயிருக்கும், வரிசை போயிருக்கும், ஆனா எடுத்துரலாம். ஏத்தியிருந்தா அது மேலயே எழுதியிருக்கும். எந்தெந்த எடத்துல தேடணும்னு எனக்குத் தெரியணும்."

ராசாத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"ஏத்தல" என்றேன்.

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

"ஒண்ணும் ஏத்தல. புதன்கிழமை காலையில நான்தான் செருகுனேன். ஃபார்மேட் கேட்டுச்சு. அழிஞ்சுரும்னும் சொல்லுச்சு. நான்தான் ஓகே கொடுத்தேன். வெறும் பக்கம் வந்ததும் பிடுங்கி வச்சிட்டேன். அந்தப் புள்ள முதல் நாளே சொல்ல வந்துச்சு. நான் சொல்ல விடல."



"அப்ப அந்த லெட்டரு?" என்றார் நல்லதம்பி.

"நான் எழுதுனது."

"அது தெரியும்யா! தெரிஞ்சுக்கிட்டேவா எழுதுனீரு?"

"ஆமா."

'நீங்க' என்பார் என்னை, எப்போதும். இனி 'நீரு' தான் என்று அந்த நிமிஷம் புரிந்தது. வெற்றிசெல்வன் போனை எடுத்து நோண்டினான்.

ராசாத்தி எழுந்து என் முன்னால் வந்து நின்றாள். அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் தேவலை.

"அண்ணே. சனிக்கிழமலருந்து எம்மக பச்சத் தண்ணி குடிக்கல. காதுகுத்து ஆர்டரு ஒண்ணு இருந்துச்சு, நேத்து போன் பண்ணி வேண்டான்னுட்டாங்க. நீங்க சாப்புட்டீங்களாண்ணே? இந்த அஞ்சாறு நாளும்?"

"சாப்பிட்டேன்" என்றேன்.

"ம்" என்று சொல்லிவிட்டு மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அன்றைக்கே நடந்ததைத் தாளில் எழுதி, போட்டோ எடுத்துக் குரூப்பில் போட்டேன். வளைக்காமல் எழுத மூன்று தாள் கிழிக்க வேண்டியிருந்தது. செயலாளர் பதவியிலிருந்து விலகுவதாகவும் எழுதிக் கொடுத்தேன். "அதெல்லாம் அப்புறம். மொதல்ல அந்தப் புள்ளைக்கு என்ன வேணுமோ அதச் செய்யும்" என்றார் நல்லதம்பி.

இளமதிக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. டிஸ்க்கிலிருந்து இரண்டு நாளாகத் தோண்டி எடுத்ததில் நானூற்றுச் சொச்சம் துண்டுகள் கிடைத்தன. எதற்கும் பெயர் இல்லை, வெறும் எண்கள். எது முன்னால் எது பின்னால் என்று சொல்ல, பூசை நடந்த மூன்று நாளும் யாகசாலையை விட்டு நகராமல் இருந்த ஆள் வேண்டும். அது நான்தான். அவள் ஸ்டுடியோவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் ஐந்து நாள் உட்கார்ந்தேன்.

"இது ரெண்டாம் காலப் பூசையா, மூணாம் காலமா சார்?"

சார் என்றாள். மாமா என்பதை அவள் மறந்துபோகவில்லை. நானும் கேட்கவில்லை.

"ரெண்டாங்காலம். மூணாவதுல அந்தக் குருக்கள் இல்ல, குடுமியான்மலைக்காரர் வந்துட்டார்."

ஐந்தாம் நாள் மத்தியானத்துக்குள் எல்லாம் வரிசைக்கு வந்துவிட்டது, ஒன்றைத் தவிர. கலசத்தில் புனித நீர் ஊற்றிய காட்சி. சாரத்து உச்சியில் நின்று அவள் எடுத்தது. ஆயிரம் பேர் கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்ற அந்த மூன்று நிமிஷம். ஃபார்மேட் ஆனபோது புதிதாக எழுதப்பட்ட இடம் சரியாக அதன் மேல் விழுந்திருக்கிறது என்றாள். குடத்தைச் சாய்ப்பதுவரை இருந்தது. பிறகு பச்சைக் கட்டம் கட்டமாகத் திரை உடைந்தது. அடுத்த துண்டில் அன்னதானம்.

அதையே நாலைந்து முறை ஓட்டிப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"இந்த எடத்துல சும்மா விட்டா எல்லாரும் கேப்பாங்க. கறுப்புல ஒரு வரி போட்டுரலாம். 'தொழில்நுட்பக் கோளாறு காரணமாக இக்காட்சி இடம்பெறவில்லை'ன்னு போடவா சார்?"

அவளுக்கு என்மேல் இரக்கம் வந்துவிட்டதா, அல்லது சீக்கிரம் முடித்து என்னை அனுப்பிவிட நினைத்தாளா, தெரியவில்லை. ஒரு நிமிஷம் சரி என்று சொல்லிவிடலாமா என்றிருந்தது. அந்த வரியிலும் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

"வேண்டாம்மா. அப்படிப் போட்டா கேமராக்காரப் புள்ள மேலதான் போகும். இந்த வீடியோ சிங்கப்பூர் வரைக்கும் போகுது."

"அப்ப என்ன போட?"

சொன்னேன். அவள் தட்டினாள். "இளமதி எடுத்த இக்காட்சி, கமிட்டிச் செயலாளர் செல்லமுத்துவின் தவறால் அழிந்துவிட்டது." எழுத்துகள் ஒவ்வொன்றாகக் கறுப்பில் வெள்ளையாக வந்தன. விரல் நின்றது.

"இனிஷியல் போடணுமா?"

"போடும்மா" என்றேன். "ஊர்ல மூணு செல்லமுத்து இருக்கோம்."