அழைத்தவர் எழக்கூடாது

ஞாயிறு மதியம் சாப்பாட்டு மேசையைத் துடைத்ததும் அந்த வீட்டில் கதை விளையாட்டு ஆரம்பமாகிவிடும். ஆளுக்கொரு பாத்திரம், நினைத்தது நடக்குமா என்பதைப் பகடை சொல்லும். கதையை நடத்துபவன் தம்பி. பூட்டு ரிப்பேர் செய்யும் அண்ணன் மந்திரவாதி. பஸ் ஓட்டும் அண்ணி வில்லாளி.

மந்திரவாதி ஆவியை அழைக்கலாம். அவன் கவனம் கலையாதவரை அது சொன்னபடி கேட்கும். கலைந்தால் அவிழ்த்துவிட்ட மாடுதான். பக்கத்தில் நிற்பவரை முட்டும். கவனம் கலைந்ததா என்று பார்க்க விளையாட்டின் விதிப் புத்தகத்தில் பெரிய கணக்கே இருந்தது. அண்ணனைப் பிறந்ததிலிருந்து அறிந்த தம்பி, இந்த மேசைக்கென்று எளிய விதி ஒன்றைப் போட்டான்: அழைத்தவர் நாற்காலியைவிட்டு எழக்கூடாது.

போன ஞாயிறு பூட்டுக்காரர் எழுந்துவிட்டார். மனைவி ஆட்டத்தை நிறுத்தி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். போன் அடித்தது. "ரெண்டே நிமிஷம்" என்று காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர்போல் ஓடினார். திரும்பி வந்தபோது அவர் அழைத்த நெருப்பு ஆவி வில்லாளியைச் சாம்பலாக்கியிருந்தது.

அன்றிலிருந்து அவள் "சாப்பாடு இருக்கு" என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு விளையாட்டுக்கா இவ்வளவு கோபம் என்று முதலில் அவருக்கும் எரிச்சல் வந்தது. பிறகுதான் உறைத்தது, செத்தது வில்லாளி மட்டுமல்ல, அவள் சொல்ல வந்த பேச்சும்தான் என்று. மனைவி பேசாத வீட்டில் கடிகாரச் சத்தம்கூட வசவாகத்தான் கேட்கும்.

இன்று அவள் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள். "செத்தவளுக்கு இங்க என்ன வேலை?"

"செத்தவங்களோட ஆவியை அழைக்கலாமாடா?" என்று தம்பியைக் கேட்டார் அவர்.

"அழைக்கலாம்ணா. ஆனா அவங்க 'போதும்'னு சொல்ற வரைக்கும் நீ எந்திரிக்கக் கூடாது. எந்திரிச்சா அதோட சரி, அண்ணியோட வில்லாளி எப்பவுமே திரும்ப வரமாட்டா."

பகடையை உருட்டினார். போதாத எண்தான் விழுந்தது. தம்பி பெரிதாக இருமினான், மேசை ஆடியது, பகடை புரண்டு படுத்தது. "வந்துட்டாங்க" என்றான், பச்சைப்பிள்ளை முகத்தோடு.

ஆவி வாயைத் திறந்தது. குளியலறைக் குழாய் ஒழுகுவதில் ஆரம்பித்தது. ஊர்ப் பூட்டெல்லாம் திறப்பவர் வீட்டு அலமாரிப் பூட்டைத் தொடாததைச் சொன்னது. அவர் தலையாட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

போன் அடித்தது. அவருடைய கால்கள் தாமாகவே தரையை உந்தின. அவள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். கோபமாகக்கூட அல்ல, தெரிந்த கதைதானே என்பதுபோல. அந்தப் பார்வை அவருக்குத் தாங்கவில்லை. இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

தம்பி போய் எடுத்தான். "பெட்டிச் சாவியா? நாளைக்கு வாங்க சார். அண்ணன் ஒரு ஆவியோட பேசிக்கிட்டிருக்கார்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு கண்ணும் கலங்கியது.

"அன்னைக்கு என்ன சொல்ல வந்தேன்னு தெரியுமா? மலை ரூட் எனக்குக் குடுத்துட்டாங்க. நாளையிலிருந்து."

எத்தனை வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்! வளைவு வளைவாக அவரிடம் வர்ணித்த பாதை. அவருக்குப் பெருமையும் வெட்கமும் ஒன்றாக வந்தன.

"டிப்போல எல்லாரும் என்ன சொன்னாங்க?"

"மேலதிகாரியைத் தவிர யாருக்கும் இன்னும் தெரியாது. அக்காகிட்டகூட சொல்லல."

"ஏன்?"

"முதல்ல உங்ககிட்ட சொல்லணும்னு இருந்தேன்."

தம்பி சத்தமில்லாமல் பகடைகளைப் பையில் போட்டுக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டுப் போனான். பேசிப் பேசி வெளிச்சம் மங்கியது. பூட்டுக்காரருக்கு இடுப்பு கடுத்தது.

"விளக்கைப் போடட்டுமா?"

"நான் போதும்னு சொன்னேனா?" என்றாள். எழுந்து விளக்கைப் போட்டுவிட்டு, நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.